உடம்பு முழுக்க உளைவு: குளிசையா, நடையா, எண்ணெயா, கொழும்பா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரர் போன மாதம் எழுதிக் கேட்டிருந்தார். மனைவிக்கு 41 வயது. மூன்று வருடமாக உடம்பு முழுக்க உளைவு, காலையில் எழும்பும்போதே அடித்துப் போட்ட மாதிரிக் களைப்பு, இரவில் நல்ல நித்திரை இல்லை. இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. கடைசியில் கிளினிக்கில் ஒரு டொக்டர் 'பைப்ரோமயால்ஜியா' என்று கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். டொக்டர் குளிசை தந்திருக்கிறார். தாதியாக வேலை செய்யும் மச்சாள் பிசியோவுக்குப் போகச் சொல்கிறார். உம்மா பரிசாரியிடம் எண்ணெய் போடச் சொல்கிறார். தம்பி கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். "கையில இருக்கிற காசுக்கு எல்லாத்தையும் செய்ய ஏலாது. எதைச் செய்ய?" என்பது அவருடைய கேள்வி.

எங்கள் அக்காவுக்கும் இதே வருத்தம். களுவாஞ்சிக்குடியிலிருந்து அவவைக் கூட்டிக்கொண்டு ஆறு வருடமாக நான் ஏறி இறங்காத இடமில்லை. நான் டொக்டர் இல்லை. அந்த ஆறு வருடத்தில் வாசித்ததையும் கேட்டதையும் பட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன். குளிசையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டொக்டரோடு பேசிச் செய்ய வேண்டியவை.

## எதை வைத்துத் தெரிவது

நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்ப்பேன். இந்த வழி வருத்தத்தின் எந்த இடத்தைத் தொடுகிறது? பத்துப் பேர் செய்தால் எத்தனை பேருக்குக் குணம் தெரிகிறது? பில்லில் வராத செலவு என்ன? ஒரு வருடம் விடாமல் செய்ய ஏலுமா? இது ஒரு கிழமையில் போகிற வருத்தம் இல்லாதபடியால் கடைசிக் கேள்வியிலேயே பல வழிகள் விழுந்துவிடும்.

முதல் கேள்விக்கு உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நோவது தசையிலும் மூட்டைச் சுற்றியும்தான். ஆனால் அங்கே வெட்டிப் பார்த்தாலும் எக்ஸ்ரே எடுத்தாலும் நோவுக்கு ஏற்ற சேதம் தெரியாது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு குழு, வருத்தக்காரரின் பெருவிரல் நகத்தை அழுத்திக்கொண்டே மூளையை ஸ்கேன் எடுத்தது. சுகதேகிகளுக்குப் பலமாக அழுத்தினால் மூளையில் எந்தப் பகுதிகள் வேலை செய்தனவோ, இவர்களுக்கு மெல்ல அழுத்தினாலே அதே பகுதிகள் வேலை செய்தன. முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள திரவத்தில், நோவுச் செய்தியைக் கடத்தும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற இரசாயனம் மற்றவர்களைவிட அதிகம் இருப்பதும் அதற்கு முன்னரே தெரிந்திருந்தது. பள்ளிவாசலிலோ கோயிலிலோ மைக்கை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்தால், பேசுகிறவர் மூச்சு விடுவதும் இரைச்சலாகக் கேட்கும் அல்லவா? அக்காவுக்கு நான் இதைத்தான் சொல்லி விளங்கப்படுத்தினேன். மூச்சும் உண்மை, இரைச்சலும் உண்மை. கூட்டி வைத்த மைக்கைக் குறைக்கிற வழியைத்தான் தேட வேண்டும்.

மைக் ஏன் கூடியது என்பதற்கு ஒரே பதில் இல்லை. பரம்பரை இருக்கிறது: 2004இல் வந்த ஓர் ஆய்வில், வருத்தக்காரரின் பெற்றோர், பிள்ளைகள், சகோதரருக்கு இது இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு. நித்திரை இருக்கிறது: 1975இலேயே கனடாவில், சுகமாக இருந்தவர்களுக்கு ஆழ்ந்த நித்திரை வரும்போதெல்லாம் குழப்பிவிட்டுப் பார்த்தார்கள். சில இரவுகளில் அவர்களுக்கும் உடம்பு உளைவு வந்தது. 2013 முதல் வந்த தோல் பரிசோதனைகளில், ஏறத்தாழப் பாதி வருத்தக்காரரின் தோலில் மெல்லிய நரம்பு நுனிகள் குறைந்திருப்பது தெரிந்தது.

2021இல் இலண்டன், லிவர்பூல், சுவீடன் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை இன்னும் பெரியது. வருத்தக்காரரின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரதங்களை (பிறபொருளெதிரிகளை) எலிகளுக்கு ஏற்றினார்கள். எலிகளுக்கு அழுத்தமும் குளிரும் தாங்க ஏலாமல் போனது. அந்தப் புரதம் உடம்பை விட்டுப் போனதும் எலிகள் சில கிழமைகளில் தேறின. இதை வாசித்த இரவு அக்கா அழுதா. "அப்ப இது என்ட நினைப்பு இல்லத்தானே" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. நான்கு வருடமாக ஒவ்வொரு வாசலிலும் 'ஒன்றுமில்லை' என்று கேட்டு வந்த ஒருவருக்கு அந்த எலிகள் தந்த ஆறுதலை எந்தக் குளிசையும் அதுவரை தந்திருக்கவில்லை.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்புகளில் எதுவும் இன்னும் வழமையான இரத்தப் பரிசோதனையாகவோ, எல்லோருக்குமான மருந்தாகவோ மாறவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். விற்பனைக்காரர்கள் முந்திவிடுகிற இடம் இதுதான்.

## குளிசை

டயக்ளோஃபெனக், இபுப்ரோஃபென் போன்ற நோக்குளிசைகள் காயத்தையும் அழற்சியையும் நோக்கிப் போகிறவை. பைப்ரோமயால்ஜியாவில் மைக் கூடியிருப்பது நரம்பு மண்டலத்தில். ஆகவே பாமசியில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போடுவதால் இந்த வருத்தத்துக்குப் பயனில்லை, வயிறும் சிறுநீரகமும் பழுதாகலாம். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் ஏற்கனவே இருக்கிறது. வயல்காரக் குடும்பங்கள் இதை இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

டொக்டர்மார் எழுதுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று:

| | அமிட்ரிப்டிலின் | டுலொக்செடின் | பிரிகபாலின் |
|---|---|---|---|
| யாருக்குக் கூடப் பொருந்தும் | நித்திரை குழம்பியவருக்கு | மனச்சோர்வும் சேர்ந்திருப்பவருக்கு | எரிவும் நித்திரையின்மையும் கூடியவருக்கு |
| வழமையான அளவு | இரவில் 10 முதல் 25 மி.கி. | நாளுக்கு 30இல் தொடங்கி 60 மி.கி. | மெல்லக் கூட்டி நாளுக்கு 300 முதல் 450 மி.கி. |
| தொல்லை | வாய் வறட்சி, மலச்சிக்கல், காலையில் மந்தம் | குமட்டல், வியர்வை, பிரஷர் கூடலாம் | தலைசுற்று, கால் வீக்கம், நிறை கூடுதல் |
| முன்கூட்டியே சொல்ல வேண்டியது | இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம், சிறுநீர் தடை | ஈரல் வருத்தம், ட்ரமடோல் என்ற நோக்குளிசை போடுவது, வேறு மனச்சோர்வுக் குளிசை | சிறுநீரக வருத்தம் |

எத்தனை பேருக்குக் குணம்? டுலொக்செடினும் பிரிகபாலினும் போட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மருந்தில்லாத வெறுங்குளிசை போட்டவர்களைவிடப் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் கூடுதலாக நோவு பாதியாகிறது. அமெரிக்கா 2007இல் பிரிகபாலினையும் 2008இல் டுலொக்செடினையும் இந்த வருத்தத்துக்கென்றே அனுமதித்தது. ஐரோப்பிய மருந்து முகவரகம் அந்த நன்மை போதாது என்று அனுமதி கொடுக்கவில்லை. 2025 ஓகஸ்டில் அமெரிக்கா நாக்கின் கீழ் வைக்கும் சைக்ளோபென்சப்ரின் என்ற குளிசையை அனுமதித்தது. இரவு படுக்கப்போகும்போது வைப்பது, நித்திரையைச் சரிசெய்து நோவைக் குறைப்பதுதான் அதன் நோக்கம். 1975இல் நித்திரையைக் குழப்பிப் பார்த்ததில் தொடங்கிய கதை 50 வருடம் கழித்து ஒரு குளிசையாக வந்து நிற்கிறது.

பில்லில் வராத செலவு, குளிசைப் பெட்டிக்குள் இருக்கும் அந்தத் தாள். அமிட்ரிப்டிலின் 'மனச்சோர்வுக்கு' என்று அதில் இருக்கும். அதை வாசித்துவிட்டு எங்கள் அம்மா குளிசையை ஒளித்து வைத்தா. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் 75 மி.கி.யோ அதற்கு மேலோ தேவைப்படும். 10 மி.கி.யில் அது நோவு நரம்பையும் நித்திரையையும் பார்க்கிறது. வீட்டில் எல்லோருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு செலவு காலை மந்தம். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர், மருதமுனையில் தறியில் இருக்கிறவர், நெருப்போடு வேலை செய்கிறவர் முதல் இரண்டு கிழமை கவனமாக இருக்க வேண்டும். மூன்றில் எதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

நித்திரையே இல்லாமல் எழும்பி நடக்கக்கூட ஏலாத நிலையில் இருப்பவருக்குக் குளிசைதான் முதல் படி. அதற்குத்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் அமிட்ரிப்டிலின் பெரும்பாலும் காசில்லாமலே கிடைக்கும். நோன்பு காலத்தில் எந்த நேரம் போடுவது என்று கிளினிக்கில் கேளுங்கள், தாங்களாக விட்டுவிட வேண்டாம். சஹருக்கு எழும்புவதால் நித்திரை உடைந்து உளைவு கூடும் மாதம் அது.

## நடை

ஐரோப்பாவின் மூட்டுவாத நிபுணர்கள் 2017இல் எல்லா ஆய்வுகளையும் எடுத்து ஒரு வழிகாட்டி எழுதினார்கள். குளிசை, ஊசிக்குத்து வைத்தியம், வெந்நீர்க் குளியல், உளவளத்துணை எல்லாவற்றுக்கும் 'பலவீனமான பரிந்துரை' என்ற இடம்தான் கிடைத்தது. 'பலமான பரிந்துரை' கிடைத்தது ஒன்றுக்கு மட்டும். அது உடற்பயிற்சி.

இதைச் சொன்னால் வருத்தக்காரருக்குக் கோபம் வரும். அக்காவுக்கும் வந்தது. "கட்டிலால எழும்ப ஏலாதவளை நடக்கச் சொல்றியா?" அந்தக் கோபம் நியாயமானது, ஏனென்றால் பெரும்பாலும் இதைச் சொல்கிறவர்கள் எப்படி என்று சொல்வதில்லை. நாங்கள் முதல் தடவை செய்த பிழையும் அதுதான். கல்லடிக் கடற்கரையில் ஒரு பின்னேரம் மணலில் முக்கால் மணித்தியாலம் நடக்க வைத்தேன். அடுத்த மூன்று நாள் அக்கா எழும்பவில்லை. பிறகு ஆறு மாதம் நடை என்ற சொல்லையே வீட்டில் எடுக்க ஏலவில்லை. அந்த ஆறு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு.

மைக் கூடியிருக்கும் உடம்புக்குப் பழக்கமில்லாத வேலை எல்லாம் ஆபத்துச் செய்திதான். ஆகவே உடம்பு பயப்படாத அளவில் தொடங்க வேண்டும். பிறகு ஒரு பிசியோ எங்களுக்குச் சொல்லித் தந்தது இப்படி: ஐந்து நிமிடம், சமதரையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் உளைவு வழமையைவிடக் கூடாவிட்டால் அடுத்த கிழமை இரண்டு நிமிடம் கூட்டு. கூடினால் அதே அளவில் நில், கட்டிலுக்குத் திரும்பிப் போகாதே. நன்றாக இருக்கும் நாளில் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்யாதே. கடைசி வரிதான் எங்கள் பெண்களுக்குக் கஷ்டம். சுகமான ஒரு நாள் கிடைத்தால் வளவு கூட்டி, உடுப்புத் தோய்த்து, மா இடித்து, அடுத்த நாலு நாளைக்கு அதற்கு விலை கொடுப்பார்கள்.

இலக்கு, கிழமைக்கு இரண்டு மூன்று நாள் அரை மணித்தியாலம். அக்காவுக்கு அந்த இடத்துக்கு வர ஐந்து மாதம் எடுத்தது. உளைவு போகவில்லை. பத்துக்கு எட்டாக இருந்தது ஐந்தாக வந்தது, நித்திரை வந்தது, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய் வகுப்பு எடுக்க முடிந்தது.

நடைதான் வேண்டும் என்றில்லை. 2018இல் அமெரிக்காவில் 226 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தாய்ச்சி என்ற சீனத்து மெதுவான அசைவுப் பயிற்சி வழமையான உடற்பயிற்சிக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ வேலை செய்தது. எங்களுக்குத் தாய்ச்சி வாத்தியார் தேட வேண்டியதில்லை. யோகாவின் மெதுவான அசைவுகளும் நெஞ்சளவு தண்ணீரில் நடப்பதும் அந்த வகைதான்.

காசுச் செலவு கிட்டத்தட்ட இல்லை. மறைந்திருக்கும் செலவு வேறு. முதல் மூன்று நான்கு கிழமை உளைவு கொஞ்சம் கூடும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் கைவிட்டுவிடுவார்கள். காலை ஏழு மணிக்குப் பிறகு எங்கள் வெயில் விடாது. ரோட்டில் தனியே நடக்கக் கூச்சப்படும் பெண்கள் காத்தான்குடியிலும் இருக்கிறார்கள், ஆரையம்பதியிலும் இருக்கிறார்கள். வளவுக்குள்ளோ விறாந்தையிலோ நடந்தாலும் அதே பலன்தான். அப்புறம் ஊர் வாய்: "வருத்தம் எண்டு சொல்லிப்போட்டு நடந்து திரியிறா." வீட்டு ஆம்பிளை கூட நடந்தால் அந்த வாய் அடங்கும்.

குளிசையோடோ இல்லாமலோ, எழும்பி நிற்க ஏலுமான எவருக்கும் இது பொருந்தும். இதயம், கடும் மூட்டுத் தேய்வு போன்ற வேறு வருத்தம் இருந்தால் மட்டும் முதலில் பிசியோவைப் பார்த்து அளவு கேட்க வேண்டும். அரச வைத்தியசாலையில் பிசியோவுக்குக் காசில்லை, ஆனால் ஒவ்வொரு கிழமையும் போனால் பஸ்ஸும் ஒரு நாள் கூலியும் போகும். ஒரு தரம் போய் முறையைக் கற்றுக்கொண்டு, மாதம் ஒருக்கால் காட்டினால் போதும் என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

## எண்ணெயும் ஒத்தடமும்

உம்மாவின் யோசனையைத் தள்ள வேண்டாம். நொச்சி இலை போட்ட வெந்நீரும் சூட்டு ஒத்தடமும் எண்ணெய் தடவுவதும் தசையை இளக்கி அந்த இரவு நித்திரைக்கு உதவும். சில கிழமை தொடர்ந்து உடம்பு பிடித்துவிடுவதால் நோவும் பதகளிப்பும் கொஞ்சம் குறைவதைச் சில ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எங்கள் அம்மா இப்பவும் ஞாயிறு பின்னேரம் அக்காவுக்கு எண்ணெய் போடுவா. அதில் இருக்கிற அன்பும் ஒரு மருந்துதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் பலமாக அமுக்குவது வேண்டாம், மெல்லத் தடவினால் காணும்.

பயப்பட வேண்டியது உள்ளுக்குச் சாப்பிடக் கொடுப்பதற்கு. பஸ்பம், செந்தூரம் போன்றவற்றில் பாதரசமோ ஈயமோ இருக்கலாம். பெயர் ஒட்டாத போத்தலில் வரும் உருண்டை இரண்டே நாளில் எல்லா நோவையும் எடுத்துவிட்டால், அதற்குள் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். பரிசாரியிடம் போனால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், கிளினிக் குளிசைகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அரச ஆயுர்வேத வைத்தியசாலையில் பதிவுள்ள வைத்தியரிடம் போவது இன்னும் நல்லது. வெளிப்பூச்சு, ஒத்தடம் என்ற அளவில் இதை நடைக்குத் துணையாக வைக்கலாம். இதை மட்டும் நம்பி வருடக்கணக்கில் இருப்பதில்தான் காலம் போய்விடும்.

## ஊசி

சகோதரர் இதைக் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். தனியார் இடமொன்றில் அக்காவுக்கு மாதம் ஒரு ஸ்டீராய்டு ஊசி, ஐந்து மாதம் போட்டார்கள். முதல் இரண்டு நாள் பறவாயில்லை, பிறகு பழையபடி. ஆறாம் மாதம் இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. பைப்ரோமயால்ஜியாவுக்கு ஸ்டீராய்டு வேலை செய்யாது. ஐரோப்பிய வழிகாட்டியும் அதையும் பலமான ஓபியொயிட் (அபின் வகை) மருந்துகளையும் வேண்டாம் என்றே சொல்கிறது. இதற்குப் பொருந்தும் நிலை என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை.

## கொழும்பு

தம்பியின் யோசனைக்குப் பின்னால் இருப்பது பயம்: வேறு ஏதோ பெரிய வருத்தத்தைத் தவறவிட்டுவிட்டோமோ? அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் எந்த ஸ்கேனும் பைப்ரோமயால்ஜியாவைக் காட்டாது. உடம்பின் 19 இடங்களில் எத்தனையில் நோவு, நித்திரை, களைப்பு, மறதி எவ்வளவு, மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டதா என்று கேட்டுத்தான் டொக்டர்மார் முடிவு செய்கிறார்கள். மற்ற வருத்தங்களை விலக்க வேண்டிய அடிப்படைப் பரிசோதனைகளை இங்கேயே செய்யலாம்: முழு இரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, தைரோயிட், சீனி, சிறுநீரகம், தேவைப்பட்டால் விட்டமின் டி. 2006 கடைசியில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சிக்குன்குன்யா பரவியபோது எத்தனையோ பேர் மாதக்கணக்கில் மூட்டு நோவோடு திரிந்ததை நாங்கள் பார்த்தோம். ஆகவே காய்ச்சலோடு தொடங்கிய நோவு என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

கொழும்புக்கு உதயதேவி ரயிலில் ஏறினால் ஒரு பகல் முழுக்க இருந்த இருப்பு. தங்கல், சாப்பாடு, கூடப் போகிறவரின் வேலை நாள், பிள்ளைகளைப் பார்க்க ஒருவர். திரும்பி வந்த அக்கா ஒரு கிழமை படுத்தா. அப்படிப் போய் நாங்கள் கேட்டு வந்ததும், இங்கே முன்பு எழுதித் தந்த அதே பெயர்தான்.

மூட்டு உண்மையில் வீங்கினால், நிறை காரணமில்லாமல் குறைந்தால், காய்ச்சல் விடாவிட்டால், கையில் பிடித்தது விழுகிற அளவுக்குத் தசை பலம் போனால், முகத்தில் தோல் சிவந்து படர்ந்தால், அப்போது மூட்டுவாத நிபுணரைத் தேடிக் கொழும்பு என்றாலும் போக வேண்டும். அங்கே போவதற்கு முன் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ மெடிக்கல் கிளினிக்கில் காட்டி, எந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகிறோம் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

## அக்கரைப்பற்றுச் சகோதரருக்கு

உங்கள் கடிதத்தில் வீக்கம், காய்ச்சல், நிறை குறைவு எதுவும் இல்லை. அப்படியானால் கொழும்புக் காசை இப்போதைக்கு வைத்திருங்கள். டொக்டர் தந்த குளிசையை எட்டுக் கிழமை ஒழுங்காகப் போடச் செய்யுங்கள். நித்திரை கொஞ்சம் பிடிபட்டதும், இரண்டாம் மூன்றாம் கிழமையில், ஐந்து நிமிட நடையைத் தொடங்குங்கள், நீங்களும் கூட நடவுங்கள். உம்மா எண்ணெய் தடவட்டும், உள்ளுக்கு எதுவும் வேண்டாம். ஒரு கொப்பியில் ஒவ்வொரு இரவும் இரண்டு எண் எழுதுங்கள்: பத்துக்கு எவ்வளவு உளைவு, எத்தனை மணித்தியாலம் நித்திரை. எட்டாம் கிழமை அந்தக் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். குளிசையால் எந்த மாற்றமும் இல்லையென்றால் மெல்லக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றலாமா என்று டொக்டரிடம் கேட்க, அப்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு மனதில் நிற்கிறது: "எல்லாரும் நடிக்கிறா எண்டு சொல்றாங்க, நானும் ஒரு நாள் சொல்லிட்டன்." அவவிடம் இன்றைக்கே அந்த எலிகளின் கதையைச் சொல்லுங்கள்.